திரை இல்லாத ஜன்னல்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"அந்தப் பெரிய மேசைக்கு அடியிலதான்க்கா நான் பொறந்தேன்" என்றாள் இளையவள்.

"கடலோரத்து ஜமீன் பங்களாலயா? நீயா?"

"அம்மா அங்க சவுக்கு வெட்டப் போயிருந்துச்சி. புயல் அடிக்கச்சொல்ல வலி வந்துடுச்சி. அந்த வூட்டு அம்மாதான் உள்ள கூட்டினு போனாங்களாம். ஓடு பறக்குதுன்னு மேசைக்கு அடியில படுக்க வெச்சி, ஜன்னல் திரைய அவுத்து என்னைச் சுத்திக் குடுத்தாங்களாம்."

"மகராசி, நல்லா இருக்கணும்."

"அந்த பங்களாவ இப்ப மியூசியமா ஆக்கிட்டாங்கல்ல, நேத்து சுத்திப் பாக்கப் போனேன். 'எல்லாம் அப்பிடியே கீது, இந்த ஜன்னல் திரைய மட்டும் எவனோ திருடிட்டான்'னு காட்டுறவரு சொல்றாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! 'திருடல சார், குடுத்தாங்க. எங்க வூட்லதான் கீது'ன்னேன்."

"அய்யய்யோ! அப்பறம்?"

"'கொண்டாந்து குடும்மா, பழையபடி மாட்டிடலாம்'னாரு. குடுக்கறேன், ஒரு வருசம் ஆவும்னுட்டேன்."

நான் இறங்கவேண்டிய புத்தூர் வந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"ஏன்டி ஒரு வருசம்?"

"என் பொண்ணுக்கு இப்ப அதானேக்கா தூளி."