கரண்டி அலகு உள்ளான்

பரங்கிப்பேட்டைச் சேற்றில் காலையெல்லாம் பறவை பார்த்த ஒரு குழு சிதம்பரம் பஸ்ஸில் ஏறியது. என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி, கழுத்தில் பைனாகுலரோடு. பஸ் கிளம்பியதும் மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"மாமா, அந்த உள்ளான நான் பாக்கவே இல்ல."

"எந்த உள்ளான்?"

"கரண்டி மாதிரி அலகு, ரொம்ப அபூர்வம்னு காட்டுனீங்களே, அது."

"பாத்தேன்னு கை தூக்குனியே?"

"ரெண்டு பேர் பாத்தாத்தான லிஸ்ட்ல எழுதுவாங்க? நீங்க அவ்ளோ ஆசையா நின்னீங்க. சும்மா இருக்க மனசு வரல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முட்லூர் தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் சரியா தெரியல. அலகுல சேறு ஒட்டியிருந்திச்சோ என்னமோ. நீ கை தூக்குனப்புறம்தான், சரி, அதேதான்னு நெனைச்சேன்."

"ஐயய்யோ! அப்ப யாருமே பாக்கல?"

"வாட்ஸப்புல வேற போட்டுட்டாங்க. வாழ்த்து வந்துக்கிட்டே இருக்கு."

"இப்பவே சொல்லிடுவோம். எழுந்திருங்க."

இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

குழுவை அழைத்து வந்தவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்:

"வாங்க சார்! நீங்க காட்டுன உள்ளான அப்புறமா மத்த நாங்க நாலு பேருமே பாத்துட்டோம். அலகு அப்படியே கரண்டிதான்!"