கங்காணி முன்னால் கை தூக்குதல்

மலாயாவில் ஜப்பான்காரர் ஆண்ட காலம். தம்பின் ஊரில் அரிசிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்கள் இருவர். மறுநாள் அவர்கள் தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவர் தேர்வு. கூலிகளை மேற்பார்க்கும் கங்காணியை எதிர்த்து முனியன் என்ற பால்மரத் தொழிலாளி நிற்கிறாராம்.

"கங்காணி முன்னாலயே கை தூக்கணுமாம்லா. பயமா இருக்குக்கா. நான் அவருக்கே தூக்கிடுறேன்," என்றாள் இளையவள்.

"தூக்குடி. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன்கிட்ட என் புருஷன் பேரக் குடுத்தது அவருதான். போன மனுஷன் இன்னும் திரும்பல. தலைவரானா அடுத்து உன் புருஷன் பேரக் குடுப்பாரு."

"மெதுவாக்கா! பின்னால அவரு பொண்டாட்டி நிக்கிறாங்க."

மூத்தவள், எனக்குப் பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்து நன்றாகவே திரும்பி நின்றாள்.

"கங்காணியம்மா, வீட்டுல சொல்லிடுங்க. நாளைக்கு முனியனுக்கு ரெண்டு கையும் தூக்கப் போறேன். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு சயாமுல கெடக்குற என் புருஷனுக்கு."