போனவரை அழைத்துவரப் போகும் எங்கள் ரிட்டர்ன் அக்காவுக்கு

கேள்வியால் காத்தவரே! கண்டிப்பிலும் கனிவு குறையாதவரே! கருங்கூந்தல் நரைக்கும்வரை விமான நிலையப் புறப்பாட்டு முகப்பில் முகம் சுளிக்காமல் நின்றவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ரிட்டர்ன் அக்கா அவர்களே, வணக்கம்!

வெளிநாடு போகிறவர் திரும்பி வரவோ வேறு நாட்டுக்குப் போகவோ டிக்கெட் காட்டினால்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதற்காக நீங்கள் வாங்கிய வசவுகள் கொஞ்சமா! தேனிலவுக்குக் கிளம்பிய மாப்பிள்ளை மேசையைத் தட்டினார். வழியனுப்ப வந்த மாமியாரோ, "ஏறுறதுக்கு முன்னாடியே திரும்புறதப் பத்திக் கேக்கறியே, நீ வெளங்குவியா?" என்று ஊரைக் கூட்டினார். "அங்க உங்க பிள்ளைங்கள நிறுத்தி வெச்சிடக் கூடாதுல்லம்மா" என்று நீங்கள் சொன்னதும் அடங்கினார்.

அடுத்ததை மடலில் எழுதலாமா என்று மேலாளர் கையைப் பிசைந்தார். எழுதாவிட்டால் இது பாராட்டே ஆகாது என்று நாங்கள் அடம்பிடித்தோம்.

ஒரு மழைக்காலத்தில் கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவர் போகும் டிக்கெட்டோடு மட்டும் வந்தார். விதிப்படி திருப்பி அனுப்பினீர்கள். ஓடிப்போய்த் திரும்பும் டிக்கெட்டும் வாங்கி வந்தார். "இப்பப் போங்கண்ணே, நல்லபடியா திரும்பி வருவீங்க" என்று வாழ்த்தி அனுப்பினீர்கள்.

வருகை வாயிலில் அவர் வந்திறங்கியதை எவரும் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே சட்டையோடும் அதே டிக்கெட்டோடும் புறப்பட வந்து நின்றார். அவர் பெட்டியைத் தூக்கிய சுமைதூக்கிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எடைக்கருவியோ பூஜ்யம் காட்டியது. கருவியை மாற்றியும் பூஜ்யமே. அவர் தலை தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் திடீரென்று தாகம் எடுத்துவிடும். நீங்கள் ஒருவரே நகராமல் நின்றீர்கள்.

சென்ற மழையில் துணிந்து கேட்டீர்கள்: "ஏண்ணே, நீங்க திரும்பவே இல்லையா?"

"டிக்கெட்ல ஒரு குறையும் இல்லம்மா. அங்கேருந்துதான் விட மாட்டேங்கறாங்க."

அன்று ஓய்வறையில் தேம்பித் தேம்பி அழுதீர்கள். பிறகு முகம் கழுவி வந்து, "நல்லபடியா வருவீங்கன்னு நாந்தானே சொன்னேன்? நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றீர்கள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஓய்வுபெறுவோர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க டிக்கெட் எடுப்பார்கள். அன்பின் உருவே, நீங்களோ போக ஒன்றும் திரும்ப இரண்டும் எடுத்திருக்கிறீர்கள்! இரண்டாவது அவர் பெயரில். கணினி மறுத்துவிடும் என்று வேண்டிக்கொண்டே திரையைப் பார்த்தோம். அது மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளையும் ஒதுக்கியது. நீங்கள் மகிழ்ந்தீர்கள். நாங்கள் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தோம்.

கண்ணொளி மங்காமல், கால் தளராமல், கலகலப்புக் குறையாமல் நீடு வாழ்க! நாளை உங்களிடமும் திரும்பும் டிக்கெட்டைக் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வரும் நாளில் அத்தனை பேரும் வருகை வாயிலில் நிற்போம். இருவரும் வந்தால் அவரையும் எங்கள் வீட்டு மனிதராய்க் கட்டிக்கொள்வோம். நீங்கள் தனியே வந்தாலும் குறைசொல்ல மாட்டோம், அக்கா. அவர் மட்டும் வந்தால், எங்களால் அவரை மன்னிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் உட்காரத் துணியாத
புறப்பாட்டு முகப்புப் பணியாளர்கள்