முப்பத்தெட்டாவது அத்தியாயம்

மனைவி: இது செத்துப்போச்சா? தடவு தடவுன்னு தடவுறேன், வாயே திறக்கமாட்டேங்குது!

நூலகர்: சாகலைக்கா, பேசும். ஆனா பேச வைக்கற இடம் திரைக்குள்ள எங்கேயோ ஒரு மூலையில இருக்கு. அதைப் பார்த்துத்தான் அமுக்கணும்.

மனைவி: பார்த்தா? பார்வை இல்லாதவ படிக்கறதுக்குன்னு சொல்லிக் குடுத்த கருவிய... பார்த்தா?

நூலகர்: எனக்கும் பார்வை கிடையாதுக்கா. முதல் நாள் இதைக் கையில வாங்கினப்போ எனக்கும் இப்படித்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கணவர்: அதுக்கென்ன இப்போ? நான் அமுக்கித் தரேன். வீட்டுல வேற எதுக்கு இருக்கேன்?

மனைவி: நீங்க இல்லாம நான் தனியா இயக்கணும். அப்படி ஒண்ணு இருந்தாத்தான் வாங்கறது.

கணவர்: கேட்டீங்களாம்மா? கல்யாணம் ஆன நாள்லேருந்து புத்தகம் படிச்சுக் காட்டறேன். இப்போ என் குரல் அலுத்துப்போச்சாம்.

மனைவி: நான் அப்படிச் சொன்னேனா? அடுத்ததைக் காட்டும்மா.

நூலகர்: இது பிரெயில் கருவி. வரி வரியா புள்ளி எழும்பும். மேசை மேல வெச்சிருக்கேன், எடுத்துக் குடுங்க சார்.

கணவர்: ம்... ஆங். இந்தா, பிடி.

மனைவி: அட, விரலுக்குக் கீழேயே எழுத்து வருதே! நல்லாத்தான் இருக்கு. ஆனா... எனக்கு இன்னிக்கு வாய்விட்டுப் படிக்கறது வேணும்.

கணவர்: இன்னிக்கேவா? அப்படி என்ன அவசரம்?

நூலகர்: அப்போ இந்தச் சின்னது. நிஜப் பொத்தான் வெச்சது. ஒரு தடவை அமுக்கினதுமே பேசும். இதையும் எடுத்துக் குடுங்க சார்.

கணவர்: இரு இரு... இந்தா.

மனைவி: பேசுது! நானே பேச வெச்சுட்டேன்! ஏம்மா, இதுல தபால்காரர் நாவல் இருக்கா? நாங்க இப்போ படிச்சுக்கிட்டு இருக்கறது.

கணவர்: அதெல்லாம் எதுக்கு? வேற ஏதாவது கதை கேளு. அதான் நான் படிக்கறேனே.

நூலகர்: இருக்குக்கா. எந்த அத்தியாயம் வைக்கட்டும்?

மனைவி: ஞாயித்துக்கிழமை முப்பத்தெட்டு முடிச்சோம்.

நூலகர்: முப்பத்தெட்டா?... அக்கா, இந்த நாவல்ல மொத்தமே பன்னிரண்டுதான்.

மனைவி: என்னது?

கணவர்: அது... சுருக்கிப் போட்டிருப்பான். நம்மகிட்ட இருக்கறது பழைய பதிப்பு.

மனைவி: நீங்க சும்மா இருங்க. கடைசி அத்தியாயத்தை வைம்மா... இல்ல, அஞ்சாவதை வை.

நூலகர்: கேளுங்க.

மனைவி: ...நிறுத்து. நிறுத்தும்மா! யாரோட சாவு இது? தபால்காரரா? அவரு நாலாவதுலேயே போய்ச் சேர்ந்துட்டாரா?

நூலகர்: ஆமாக்கா. படகு கவிழ்ந்து...

மனைவி: ஞாயித்துக்கிழமைதானே அவரு பொண்ணு கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் குடுத்தாரு! என்னங்க... செத்தவருக்கா சட்டை?

கணவர்: நீ அழுவியேன்னுதான் அவரைச் சாக விடலை.

மனைவி: முப்பத்திநாலு அத்தியாயமா! கதை கேட்டு நான் என்னிக்கு அழுதிருக்கேன்? என்ன மறைக்கறீங்க?

கணவர்: ஒண்ணுமில்ல. கெளம்பலாம் வா.

நூலகர்: சார்... தப்பா நினைக்காதீங்க. நான் எந்தக் கருவிய வெச்சாலும், வெச்சதும் மேசையில ரெண்டு தடவை தட்டுவேன். பார்வை இல்லாதவங்க சத்தத்தைக் கேட்டுக் கை நீட்டணும்னு. பார்க்கறவங்க நான் தட்டறதுக்கு முன்னாடியே எடுத்துடுவாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும்... ரெண்டாவது தட்டு கேக்கற வரைக்கும் காத்திருந்தீங்க.

மனைவி: என்ன சொல்றாங்க இவங்க?... வாயைத் திறங்க!

கணவர்: எல்லாம் ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. துடைச்சா போகமாட்டேங்குது. மூணு அத்தியாயம் வரைக்கும் எப்படியோ எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அதுக்கப்புறம்... புத்தகத்தைச் சும்மா கையில விரிச்சு வெச்சுக்கிட்டு, மனசுக்கு வந்ததைச் சொன்னேன்.

மனைவி: ஐயோ... இப்போ உங்க முழங்கையப் பிடிச்சுக்கிட்டுத்தானே ரெண்டு ரோடு தாண்டி வந்தேன்!

கணவர்: நீ கோல் தட்டற சத்தத்தைக் கேட்டுத்தான் நானும் நடந்தேன்.

மனைவி: அப்போ... யாரு யாரைக் கூட்டிட்டு வந்தது? பஸ்ஸு ஒண்ணு உரசிட்டுப் போச்சே! தெய்வமே!

நூலகர்: அக்கா, உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

மனைவி: வேண்டாம். ஏன் என்கிட்ட சொல்லலை? அதைச் சொல்லுங்க முதல்ல.

கணவர்: அவ கண்ணே நான்தான்னு ஊரு பூரா பெருமை பேசிட்டுத் திரிஞ்சவன். அதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல? நீ பயந்துடுவே... நானும்தான் பயந்துட்டேன். திட்டணும்னா திட்டு. அழறியா?

மனைவி: கதையில போன வாரம் அண்ணனா இருந்தவன் இந்த வாரம் மாமனாரா வந்து நின்னான். வித்த வீட்டை மறுபடியும் வித்தாங்க. நான் ஏன்னு கேக்கலை, உங்க பக்கத்துல உக்காந்து பயந்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்குப் புத்தி பேதலிக்குது, இன்னும் கொஞ்ச நாள்ல நான் யாருன்னே தெரியாமப் போயிடும்னு. உங்களுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட நாள் கூடக் குறிச்சுட்டேன். அதுக்கு முன்னாடி புத்தகத்துல நிஜமா என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கருவியே... கண்ணுதானா? அட மனுஷா, வெறும் கண்ணு மட்டும்தானா?