அவிட்டம் பிறப்பதற்கு முன்

வீடு பெரியது என்று பெருமைப்படுகிறவர்களில் ஒருவர்கூட அதைப் பெருக்கியவராக இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் வாசலில் விளக்குமாற்றை எடுத்தால் கொல்லைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, மாட்டுக் கொட்டில். மாடு போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கொட்டிலைப் பெருக்குவது மட்டும் நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு இதை என் கைப்பட எழுதித் தருகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார் என்றார்கள். வாயால் சொன்னால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். நாலு மாதமாக எதைப் பேசினாலும் எரிச்சல்தான். என் பெயர் பஞ்சாபகேசன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று பிள்ளைகளும் பம்பாயில். இங்கே கல்பாத்தியில் நானும் என் மனைவி பாகீரதியும்தான்.

மாசி மாதம் ஒரு நாள் பாகீரதி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. “இனி எனக்கு வய்யா, கேட்டேளா. நாலு எட்டு வெச்சா அடுக்களை வரணும், நாலு எட்டு வெச்சா கெணறு வரணும். அப்படி ஒரு ஜாகையாப் பாருங்கோ” என்றாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். செய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெரிய வீட்டை விற்பது ஒரே வாரத்தில் முடிந்தது. கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் வீடுகளுக்கு ஏக கிராக்கி. அங்கே மானேஜராக இருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆனி முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கினார். ஆடியில் மராமத்து, ஆவணியில் பால் காய்ச்சுவது என்று அவருக்கு ஒரு கணக்கு. சரி என்று கையெழுத்துப் போட்டேன். பெரிய வீட்டில் இருக்கிறவனுக்குச் சின்ன வீடா கிடைக்காது என்று நினைத்துவிட்டேன்.

கிடைக்கவில்லை. ரயில் வேலைநிறுத்தம் நடந்த மே மாதம் முழுக்க நான் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். நூரணியில் ஓர் ஓட்டு வீடு, காலையில் பார்த்துவிட்டு மாலையில் பாகீரதியைக் கூட்டிக்கொண்டு போனால் கம்பெனி என்ஜினீயர் ஒருவர் கட்டிலை இறக்கிக்கொண்டிருக்கிறார். இன்னோர் இடத்தில் வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வயசானவாளுக்குத் தரதில்லைன்னு வெச்சிருக்கோம்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “ஏதாவது ஆயிட்டா அடைப்புன்னு வரும். யாரு ஆறு மாசம் பூட்டிப் போட்டுண்டு உக்காந்திருப்பா?” என்றாள். முகத்துக்கு நேரே சொன்னாள். குடிக்க மோர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

அடைப்பு என்பதை மலையாளத்தில் உங்கள் ஆட்கள் வசுபஞ்சகம் என்பார்கள் என்று நினைக்கிறேன். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால் தோஷம். இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். யாரும் அங்கே புழங்கக் கூடாது. எங்கள் பழைய வீடு போன்ற வீட்டில் ஓர் அறையைப் பூட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சின்ன வீட்டில் இருப்பதே ஒரே அறை.

வைகாசிக் கடைசியில்தான் துரைசுவாமி வழி சொன்னார். அவர் எங்கள் தெருக்காரர், என்னைவிட இளையவர். புழைக்கரையை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி அவருக்கு ஒரு சின்ன வீடு. ஓர் அறை, ஓர் அடுக்களை, எட்டிப் பிடித்தால் கிணறு. பாகீரதிக்கு என்றே கட்டியது போல இருக்கும். அதில் அவருடைய அத்தை ஞானம் மாமி தனியாக இருந்தார். எழுபத்தாறு வயது. சித்திரையிலிருந்து படுத்த படுக்கை. டாக்டர் கைவிரித்தாயிற்று.

“கம்பெனிக்காரன் ஒருத்தன் தெனம் வந்து நிக்கறான் அண்ணா. ஆனாலும் உங்களுக்குத்தான்னு வாக்குக் கொடுத்துட்டேன்” என்றார் துரைசுவாமி. “அத்தைக்குக் காலம் ஆயிட்டா, பதிமூணு கழிஞ்ச ஒடனே சாவி உங்க கையில. ஒண்ணு மட்டும் இருக்கு. ஆனி இருபத்திமூணு உச்சிக்கு முன்னாடி அவிட்டம் பொறக்கறது. அதுக்குள்ள போயிட்டா புண்ணியம். இல்லேன்னா ஆறு மாசம் தொறக்கப்படாது, மனசிலாச்சோ?”

பதிமூன்று கழிந்தால் ஆடி வந்துவிடுமே என்றேன். சாமான்களை மட்டும் ஆனிக்குள் கொண்டுவந்து அடுக்களையில் இறக்கிவிடலாம், அது குடிபோனதாகவே கணக்கு, நீங்கள் பத்து நாள் என் வீட்டு மாடியில் இருங்கள் என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து தினம் காலையில் மாமியைப் பார்க்கப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மாமியைக் கவனித்துக்கொண்டவள் பழனாத்தாள் என்ற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி, நம்பிக்கையானவள். ஒவ்வொரு நாளும் வாசலில் வைத்தே எப்படி இருக்கிறது என்று கேட்பேன். “இன்னைக்குத் தேவலைங்க சாமி” என்பாள். அதற்கு மறுநாளும் தேவலை. நான் சாத்துக்குடி வாங்குவதை நிறுத்தினேன்.

ஆனி இருபத்திமூன்று காலை பத்து மணிக்குப் போனபோது மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காப்பி கேட்டு வாங்கிக் குடித்திருந்தார். பழனாத்தாள் படுக்கைத் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, “சித்த நேரம் பாத்துக்குங்க சாமி, பொழையில அலசிட்டு அரை மணியில ஓடியாந்தர்றேன்” என்று போனாள்.

மாமி என்னிடம் நன்றாகவே பேசினார். “பஞ்சு, நீ ஜாகை தேடி அலையறதாத் துரை சொன்னான். எதுக்கு அலையறே? பாகீரதியையும் அழைச்சுண்டு இங்கேயே வந்துடு. எனக்கும் ஒரு பேச்சுத்துணை ஆச்சு. அடுத்த மாசம் எழுந்து நடமாடிடுவேன், சமையலைக்கூட நான் பாத்துப்பேன்” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் அதை நன்றாக யோசித்தேன். ஓர் அறையில் மூன்று பேர் என்பது சரிப்பட்டு வராது. பாகீரதிக்கு இருமலும் உண்டு. போதாததற்கு, இப்படிப்பட்ட வயதில் திடீரென்று வரும் தெம்பு நிலைக்காது. இன்று தப்பினால் நாளை, நாளை என்றால் அவிட்டம், மறுநாள் சதயம். எல்லோருக்கும் கஷ்டம். துரைசுவாமிக்கும் சாந்தி, பரிகாரம் என்று ஏகப்பட்ட அலைச்சல். மாமி தங்கமானவர், தன்னால் ஒருவருக்குக் கஷ்டம் வருவதை விரும்பமாட்டார்.

பதினொன்றுக்கு முன்பே அங்கிருந்து கிளம்பினேன். அங்கேதான் என் பிழை. அவசரப்பட்டுவிட்டேன். அங்கேயே இருந்து பழனாத்தாளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். புழைப் படியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். மரியாதைக்காக, “பதறாம வா. மாமி தூங்கறா” என்று சொல்லிவிட்டேன். மனிதன் பாழாய்ப்போவது இந்தமாதிரி உபசார வார்த்தைகளால்தான். அவள் துணி காய்ந்த பிறகு, தெரிந்தவளோடு பேசிவிட்டு, பன்னிரண்டேகாலுக்குத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறாள்.

அவிட்டம் பதினொன்றரைக்குப் பிறந்துவிட்டது.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்போது என்று கேட்டார். “நான் போனப்பக்கூட ஒடம்பு கதகதன்னு இருந்துச்சுங்க. இப்பத்தான் போயிருக்கோணும்” என்றாள் பழனாத்தாள். டாக்டரும் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தார். இல்லை, பத்தரை, பத்தேமுக்கால் இருக்கும், திருவோணத்திலேயே போயாயிற்று என்று நான் எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. “சாமிதானுங்க தூங்குறாங்கன்னு சொன்னீங்க?” என்றாள் பழனாத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாளே அறையைப் பூட்டி, வாசலில் முள்ளைப் போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் என்றால் மார்கழி. மார்கழியில் எவன் குடிபோவான்? ஆக, தை. கம்பெனிக்காரர் தைவரை காத்திருக்கத் தயார் என்கிறாராம். துரைசுவாமி என் முகத்தைப் பார்க்காமல், “நீங்க வேற எடம் பாத்துக்கோங்கோ அண்ணா” என்றார். வேறு இடம். நான்கு மாதம் செருப்புத் தேய நடந்தவனிடம் சொல்கிறார்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் யூகத்தில் பேசுகிறார்கள். நான் யூகத்தில் பேசவில்லை. தலையணையை மாமியின் முகத்தில் வைத்தபோது மணி பத்து முப்பத்தெட்டு. ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். பத்து நாற்பத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாகவே வைத்திருந்தேன், சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று. அவிட்டத்துக்கு முக்கால் மணிக்கு மேலேயே இருந்தது. இந்த வீட்டுக்கு அடைப்பு கிடையாது. பூட்டியது தப்பு.

பத்து நாற்பத்திரண்டு, திருவோணம் என்று ஒரு தாளில் எழுதி, ஸ்டேஷன் முத்திரை போட்டு, உங்கள் கையெழுத்தோடு கொடுத்தால் போதும். சாஸ்திரிகள் ஒப்புக்கொள்வார், துரைசுவாமி பூட்டைத் திறந்துவிடுவார். பாகீரதி பாத்திரங்களை எல்லாம் சாக்கில் கட்டிவிட்டு வெறும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனி முடிய இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. நீங்கள் சிரமப்பட்டு ஆள் அனுப்ப வேண்டாம், நாளைக் காலை நானே வந்து தாளை வாங்கிக்கொள்கிறேன்.