கங்காணி மீசையைப் பிடிச்ச பவளக்கொடி

கேளுங்க, மலாயாவுல ரப்பர் பால்மரம் நட்ட புதுசு. மூணாங்கட்டைத் தோட்டம்னு ஒண்ணு. அங்க பால் வெட்டுனவ மூக்காயி, எங்க குடும்பத்துக்கே மூத்தவ. கூடப்பொறந்தவங்க யாருமில்ல, வயித்துலயும் ஒண்ணும் தங்கல.

ஆத்தோரம் கீரை போட்ட சீனப் பொம்பளை ஒருத்தி, புருசன் செத்து, இருக்கிற பிள்ளைங்களுக்கே கஞ்சியில்லாம தவிச்சாளாம். கைக்குழந்தைய மூக்காயிகிட்ட நீட்டி, "நீ வளத்துக்க"ன்னாளாம். மூக்காயி அள்ளிக்கிட்டு ஓடிவந்தா பாருங்க, கூலிவீட்டு வரிசை, அந்த லயமே வேடிக்கை பாத்துச்சாம். பவளக்கொடின்னு பேரு வச்சா.

ஒண்டிமுத்துக் கங்காணிக்குப் பொறுக்கல. தோட்டத்துல அவரு வச்சதுதான் சட்டம். "சீனப் பிள்ளை சீனர் வீட்டுலதான் வளரணும். நம்ம பிள்ளைன்னா காது குத்தணும். குத்துறதுக்குத் தாய்மாமன் மடி வேணும். மடிக்கு எங்கடி போவ? திருவிழாவுக்குள்ள காட்டு. இல்லன்னா மளிகைக்கடைச் சீனர் ஆ செங் தூக்கிட்டுப் போவாரு."

மூக்காயி லயம் லயமாப் போனா. "அண்ணே, மடி குடுங்கண்ணே." கங்காணிக்குப் பயந்து ஒருத்தனும் மடி குடுக்க வரல.

திருவிழாவும் வந்துச்சு. மாரியம்மன் கோயில் வாசல்ல பாய் விரிச்சாச்சு. ஊசியோட ஆசாரி. தரையப் பாத்துக்கிட்டு ஆம்பளைங்க. பிள்ளைய வாங்கிட்டுப் போக பிஸ்கோத்தோட ஆ செங். மீசைய முறுக்கிக்கிட்டுக் கங்காணி. மூக்காயி முன்னால வந்தா. பிள்ளையப் பாயில எறக்கி விட்டா. "போடி தங்கம், உம் மாமனை நீயே பாத்துக்க!"

தவழ்ந்துச்சாம், தவழ்ந்துச்சாம், பிஸ்கோத்தையும் தாண்டித் தவழ்ந்துச்சாம். நேரா கங்காணி மடியில ஏறி, மீசைய ரெண்டு கையாலயும் பிடிச்சிருச்சாம்!

"விடு... ஏய், விடு பிள்ளே!" விட்டாத்தானே? ஆசாரி சும்மா இருப்பாரா? அந்தச் சாக்குல காதக் குத்திட்டாரு. பிள்ளை வீல்னு கத்தி, கங்காணி நெஞ்சுலயே மூஞ்சியப் பொதைச்சுக்கிச்சு.

அவ்வளவுதான். பிள்ளையோட எந்திரிச்சு நின்னு கங்காணி போட்டாரே ஒரு சத்தம்: "எவன்டா எம் மருமகளை அழ வச்சவன்?"

கோயிலே சிரிச்சுச்சாம். ஆ செங் பிஸ்கோத்தைச் சீர்த்தட்டுல வச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாராம். பவளக்கொடி மூக்காயிக்கே மகளா ஆயிட்டா. அவ வழிதான் நாங்க.

இன்னைக்கும் மூணாங்கட்டையில காதுகுத்துன்னா யாரும் மாமனைத் தேடமாட்டாங்க. பாய விரிச்சுப் பிள்ளைய விட்டுருவாங்க. ஆம்பளைங்க சுத்தி உக்காந்து, "வா, வா"ன்னு மடியத் தட்டுவாங்க. எந்த மடியில ஏறுதோ அவருதான் தாய்மாமன், சாகுற மட்டும்.

நான் பிஸ்கோத்து நீட்டுனவர் மடியில ஏறுனவளாம். எனக்கு இந்தத் தோடு போட்டு விட்ட எம் மாமன், ஆ செங்கோட பேரன்.