முக்கால் லிட்டர்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார். பதினெட்டு வருடம் ஆய்வகத்தில் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்தவள் நான்.

அக்காவிலிருந்து தொடங்குகிறேன். பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தாள். முப்பத்திரண்டு கிலோ. நெஞ்சில் சளி முற்றியதும் எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தேன். ரத்தத்தை நானேதான் பரிசோதித்தேன். கிரியாட்டினின் 0.8. தசையில் உண்டாகும் கழிவு அது. ரத்தத்தில் குறைவாக இருந்தால் சிறுநீரகம் நன்றாக வடிகட்டுகிறது என்று கணக்கு. தசையே வற்றிப்போனவளுக்கு அது எங்கிருந்து ஏறும்? சளிக்குப் போடும் ஊசி மருந்தோ, பலவீனமான சிறுநீரகத்தை முழு டோஸில் கெடுத்துவிடும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சார், அக்கா ஒடம்புல சதையே இல்ல. இந்த நம்பர நம்பி முழு டோஸ் போடாதீங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ ரத்தம் எடுக்கறவ. வைத்தியத்த எங்கிட்ட விட்டுடு."

ஆறாம் நாள் அக்காவுக்குச் சிறுநீர் நின்றது. பதினோராம் நாள் மூச்சு நின்றது. "ஒடம்பு தாங்கல" என்றார் டாக்டர். பல் தேய்க்கும்போதுகூட அந்தச் சொல் காதில் விழும்.

இரண்டு வருடம் கழித்து டாக்டரின் அம்மாவைச் சேர்த்தார்கள். அதே சளி, அதே எலும்பும் தோலும். கிரியாட்டினின் 0.7. டாக்டரே ஆய்வகத்துக்கு இறங்கி வந்தார்.

"அன்னைக்கு நீ சொன்னது சரிம்மா. நான்தான் கேக்கல. அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேத்துப் பாத்துடலாம். நீயே பண்ணு, உன்னத்தான் நம்பறேன்."

இரண்டு வருடம் தாமதமாக வந்த அந்த 'சரிம்மா'வில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாளில் சிறுநீரில் வெளியேறும் கழிவை அளந்தால் சிறுநீரகத்தின் நிலை தெரியும்; அதிகம் வெளியேறினால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்ல முறைதான். சிறுநீர் சேர்த்த கேனுக்குள் இருப்பது யாருடையது என்று மட்டும் இயந்திரத்துக்குத் தெரியாது. கேனில் முக்கால் லிட்டர் இருந்தது. கழிவறைக்கு எடுத்துப்போய் என்னுடையதையும் சேர்த்தேன். நான் திடமான உடம்புக்காரி, தசையும் அதிகம், கழிவும் அதிகம். ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. "அப்பாடா" என்று சிரித்துவிட்டு டாக்டர் முழு டோஸ் எழுதினார்.

தினமும் ரத்தம் எடுக்கப் போனேன். "நீ குத்துனா வலிக்கவே இல்ல கண்ணு" என்பார் அந்தம்மா. நான்காம் நாளிலிருந்து கிரியாட்டினின் ஏறியது. நான் 0.7 என்றே எழுதினேன். ஏழாம் நாள் சிறுநீர் நின்றதும் டாக்டர் வெளி ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பினார். அதில்தான் மாட்டினேன். அதற்குள் கைமீறிவிட்டது.

அந்தம்மாமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொலை என்று எழுதாதீர்கள், சார். அந்த எண்ணை நம்பக் கூடாதென்று டாக்டருக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் செய்தேன்.